பச்சை, முப்பது

பன்னிரண்டாவது முதுகெலும்புக்குக் கீழே
எனக்குக் கரண்ட் இல்லை.
டாக்டர் வேறு மாதிரி சொன்னார்.
குகை ரெஜினா இப்படிச் சொன்னாள்,
வண்டி இருக்கையைத் தூக்கி
உள்ளே ஒயரைத் தடவிக்கொண்டே.
எனக்குக் கோபம் வரவில்லை.
நாலு வருஷத்தில் யாரும் இவ்வளவு சுருக்கமாகச் சொன்னதில்லை.

அவளிடம் போக வேண்டி வந்த கதை:
கலெக்டர் ஆபீஸ் வாசலில் மனு எழுதி முடித்து
(பட்டா மாறுதல் மூன்று, பென்ஷன் ஒன்று,
மருமகள் மேல் ஒன்று, மாமியார் மேல் ஒன்று)
திரும்புகையில் வண்டி நின்றுவிட்டது.
மச்சான் மாதேசு வந்தான்.
ஃபியூஸைப் பிடுங்கி வெயிலில் தூக்கிப் பார்த்து
"இதுதாங்க தொல்லை" என்றான்.
செம்புக் கம்பியை இரண்டாய் முறுக்கி
அந்த இடத்தில் செருகினான்.
"இனி ஜென்மத்துக்கும் போகாது."

போகவில்லை.
எட்டு நாள் ஓட்டினேன்,
செவ்வாய்ப்பேட்டை மூட்டை லாரிகளுக்கு நடுவே,
ஒருவருக்கும் வழி விடாமல்.

ஒன்பதாம் நாள் ஒரு வாடை.
யாரோ குப்பை கொளுத்துகிறார்கள் என்றிருந்தேன்.
பிறகு, தட்டுவடைக் கடையில் எண்ணெய் காந்துகிறதென்று.
பூக்காரம்மா கூடையைப் போட்டுவிட்டு ஓடிவந்தாள்:
"கண்ணு, உன் தொடை பொகையுது."

குனிந்து பார்த்தேன்.
புடவை பழுப்பேறிச் சுருங்கியிருந்தது.
அதன் கீழே
என்னோடு பேச்சுவார்த்தை இல்லாத தோல்
கொப்பளித்திருந்தது,
எனக்கு ஒரு சேதியும் அனுப்பாமல்.

ரெஜினா கருகிய கம்பியை என் கையில் வைத்தாள்.
"சுடுதுன்னு உனக்குச் சொல்ல
ஒருத்தன் உள்ள உட்கார்ந்திருந்தான்.
செத்தாவது சொல்லுவான், அதுதான் அவன் வேலை.
அவனக் கழட்டிட்டு ஊமையை வெச்சிருக்காரு உன் மச்சான்."
பச்சை நிறத்தில், முப்பது என்று எழுதிய
விரல்நகம் அளவு பிளாஸ்டிக்கைச் செருகினாள்.
பத்து ரூபாய்.

இப்போது இரவுகள் இப்படி:
வீடு வந்ததும் சார்ஜ் போடுவதில்லை.
சேலத்து மே மாதம் பாட்டரிக்குள்ளும் ஏறியிருக்கும்,
அது ஆறட்டும்.
ஒன்பது மணிக்கு ரசம் சோறு எனக்கு,
அதன் பின் அதற்கு.
ஒட்ட வறளவிட்டால் குடிக்கும், ஆனால் தங்காது என்றாள்.
மழை, காய்ச்சல், நாலு நாள் வெளியே போகவில்லை,
அப்போதும் பட்டினி போடக் கூடாதாம்.
மாதாந்திரக் கரண்ட் கட் அன்று பிளக்கைப் பிடுங்கிவிடுவேன்.
திரும்பி வரும் மின்சாரம்
கோபித்துப் போன புருஷன் மாதிரி,
முதல் நிமிஷம் எதிரே நிற்கக் கூடாது.

ஞாயிற்றுக்கிழமை முனைகளில் வெள்ளையாய்ப் பூத்திருக்கும்.
மைனஸை முதலில் கழற்றுவது,
பழைய பிரஷ்ஷில் சோடாத் தண்ணீர், துடைப்பு, காய்ச்சல்,
மேலே கொஞ்சம் வேசலின்.
அதே டப்பாவில் மிச்சம் என் தொடைத் தழும்புக்கு,
கைக்கண்ணாடியைச் சாய்த்து வைத்துக்கொண்டு.
இரண்டையும் கண்ணால் பார்த்தால்தான் உண்டு,
வேறு வழியாகத் தெரியாது.

நேற்று முள்ளுவாடி கேட்டு ஏற்றத்தில்
மறுபடி நின்றது.
தண்டவாளத்துக்கு இந்தப் பக்கம், நல்லவேளை.
பின்னால் மூன்று ஆட்டோ, ஒரு மினி பஸ்,
ஏதோ கல்யாண வேன்.
ஸ்பேர் பார்ட்ஸ் கடைப் பையன் குதித்து வந்தான்,
கையில் ஆரஞ்சு.
"நாப்பதுக்கா, இது சும்மா நிக்கும்."
வேண்டாம் என்றேன்.
பர்ஸில் சில்லறையோடு பச்சை மூன்று கிடக்கிறது.
அதையும் எடுக்கவில்லை இன்னும்.

"மொதல்ல என்னை ஓரமாத் தள்ளு.
அப்புறம் சீட்டைத் தூக்கு.
எந்த ஒயர் சூடா இருக்குன்னு
தொட்டுப் பாத்துச் சொல்லு."

ஹாரன்.
அடிக்கட்டும்.
பையன் கையை உள்ளே விட்டு
ஒவ்வொன்றாய்த் தொடுகிறான்.
நான் அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்,
எந்த இடத்தில் சுளிக்கும் என்று.